கலர் இல்லாத சார்ட்

"ஏம்மா சுப்ரியா, இது ஷிஃப்ட் சார்ட்டா, புடவைக்கடை விளம்பரமா?"

டீ டைம். கேன்டீன் வாசலில் அத்தனை பேரும் நிற்கும்போதுதான் மேனேஜர் அழகர்சாமிக்கு இதைக் கேட்கத் தோன்றியது. சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டை விரலால் டொக் டொக்கென்று தட்டினார்.

"பார்க்க நல்லா இருக்கட்டுமேன்னு போட்டேன் சார்."

"நல்லா இருக்கணும்னா வீட்டு வாசல்ல கோலம் போடு. கம்பெனியில எதுக்கு? கலர் மை சும்மாவா வருது?"

ஓசூர் சிப்காட்டில், தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் இந்த பிரஸ் கம்பெனியின் டைம் ஆபீசில் சுப்ரியா சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. வேலையை நிரந்தரமாக்கும் லெட்டரில் அழகர்சாமி இந்த மாதம் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அப்பா படுத்த படுக்கை. இவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் யாராவது போய் கலருக்காக வம்பை விலைக்கு வாங்குவார்களா? இவள் வாங்கினாள்.

எக்செல்லில் மூன்று கட்டம். காலை, மதியம், நைட். யாருக்கு எந்த ஷிஃப்ட்டோ அந்தக் கட்டத்தில் பேர். அதோடு விட வேண்டியதுதானே? மாட்டாள். ஆளுக்கொரு கலர் பூசுவாள். சிவராஜுக்கு ஊதா, திம்மராயனுக்குப் பச்சை, லட்சுமியம்மாளுக்கு ரோஸ், ராமப்பனுக்கு மஞ்சள். வாராவாரம் ஷிஃப்ட் மாறும், கலர் மட்டும் மாறாது.

மேனேஜர் திட்டியதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அதில் சத்தமாகச் சிரித்தவர் ராமப்பன்.

பாகலூர்க்காரர். பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாற்றி மெஷினை ஓடவிடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கம்பெனி வெறும் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலேயே சேர்ந்தவர். சுப்ரியாவுக்கு 'கலர் பாப்பா' என்று பேர் வைத்த புண்ணியவானும் அவரே. சார்ட் ஒட்டியதும் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"என்னா பாப்பா, ஒண்ணாம் கிளாஸ் புள்ளைங்க மாதிரி இந்த வாரமும் பூசிட்டியா?" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டுத்தான் நகருவார்.

பக்கத்து சீட் கோபிக்குப் பற்றிக்கொண்டு வரும். "அக்கா, அந்தாளுக்கு ஒரு நாளைக்கு நறுக்குன்னு குடுங்க."

"விடு கோபி. வயசுல பெரியவரு" என்று சிரித்துவிட்டுப் போவாள்.

அந்தச் சனிக்கிழமை சுப்ரியாவுக்குக் காய்ச்சல். லீவு போட்டாள். சார்ட் போடும் வேலை கோபியிடம் வந்தது. மேனேஜர் சொன்னபடி ஒரு கலர் விடாமல் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து ஒட்டினான். "இப்படி இருக்கணும்டா" என்று அழகர்சாமி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்கு ராமப்பன் வரவில்லை. போன் அடித்து அடித்து கோபிக்கு விரல் வலித்ததுதான் மிச்சம். டை மாற்ற ஆளில்லாமல் லைன் நின்றது. சரக்கு ஏற்ற வந்த லாரி வெறுமனே திரும்பிப் போனது.

மதிய ஷிஃப்ட்டுக்கு மணி அடிக்கும் நேரம். கையில் தூக்குவாளியோடு, ஒன்றுமே நடக்காதது போல ராமப்பன் வந்து நின்றார்.

அழகர்சாமி லைனுக்கே வந்துவிட்டார். "உங்களுக்குக் காலை ஷிஃப்ட்டுங்க! சார்ட்டைப் பாக்கலையா?"

"பாத்தேன் சார்."

"பாத்துட்டுமா இப்ப வர்றீங்க? வேலையில அக்கறை இல்லேன்னா எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க!"

ராமப்பன் தலை குனிந்து நின்றார். அவரை அப்படி யாரும் பார்த்ததே இல்லை.

"சார், தப்பு என்னோடது." காய்ச்சல் விட்டு வேலைக்குத் திரும்பியிருந்த சுப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மதிய ஷிஃப்ட்டுன்னு நான்தான் சனிக்கிழமை அவருக்குப் போன் பண்ணித் தப்பாச் சொல்லிட்டேன்."

காய்ச்சலில் கிடந்தவள் எப்போது போன் பண்ணினாள்? கோபிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நீயா? சார்ட்டே நீ போடல, உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" அழகர்சாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "கலர் வேண்டாம்னா கேக்க மாட்டே. இப்ப லைனையே நிறுத்திட்டே. உன் லெட்டர்ல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. இந்த மாசத்தோட கெளம்பும்மா."

சுப்ரியாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை.

ராமப்பன் தப்பித்தார். பேசாமல் போய் மெஷினைப் பிடித்திருந்தால் அவ்வளவுதான், கதை முடிந்தது. போகவில்லை. தூக்குவாளியைக் கீழே வைத்தார்.

"அது பொய் சொல்லுது சார். எனக்கு யாரும் போன் பண்ணல."

அடப்பாவி மனுஷா! உனக்காகத்தானே வேலையையே விட்டாள் அவள்? கோபிக்கு அவரை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

"அப்ப சார்ட்டைப் பாத்தும் ஏன் தப்பா வந்தீங்க?" என்றார் அழகர்சாமி.

ராமப்பன் லைன் மொத்தத்தையும் ஒரு முறை பார்த்தார். சிவராஜ், திம்மராயன், லட்சுமியம்மாள், எல்லாரும் இருந்தார்கள்.

"எனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது சார். எனக்கு மட்டும் கலர் பூசினா அது நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னுதான், இந்தப் பொண்ணு எல்லாருக்கும் பூசுச்சு."