மஞ்சள் மாத்திரை

"நேத்து ராத்திரிதானே பேசினோம், மறந்துட்டியா?" மனைவியின் தலையைத் தடவியபடி கேட்டான் கணவன். குரலில் அவ்வளவு பாசம்.

துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன பேசினோம்?"

"பாப்பா இனிமே எங்க அக்கா வீட்டுலயே வளரட்டும்னு. 'எனக்கு வலிப்பு வந்து குழந்தை மேல விழுந்துட்டா என்ன பண்றது'ன்னு நீதானே அழுதே. அக்கா இந்நேரம் ஸ்கூலுக்கே போய்க் கூட்டிட்டுக் கிளம்பியிருப்பா."

பச்சைப் பொய். அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. பிள்ளையில்லாத அக்கா கேட்டாள், தம்பி தலையாட்டிவிட்டான். அவ்வளவுதான்.

துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கடையிலிருந்த அத்தனை விலையும் அவளுக்கு மனப்பாடம். வலிப்புக்கு அந்த மஞ்சள் மாத்திரையை ஆரம்பித்ததிலிருந்து தலைக்குள் ஒரே மூட்டம். சொல்ல வந்த வார்த்தை தொண்டையோடு நின்றுவிடும். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்ப்பாள்.

அந்த மறதியில்தான் புண்ணியவான் குளிர்காய்ந்தான். "வேலையை விட்டுடறேன்னு நீயேதானே சொன்னே" என்றான், வேலை போயிற்று. "ஸ்கூட்டரை என் தம்பிக்குக் குடுக்கச் சொன்னதும் நீதான்" என்றான், அதுவும் போயிற்று. பாவம், ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டது அவள்தான்.

இன்றைக்கும் கொஞ்சம் அழுவாள், பிறகு அடங்கிவிடுவாள் என்று நினைத்திருந்தான். அவள் அழவில்லை.

"நானா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மேஜையிலிருந்த மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மாத்திரை வெள்ளையாக இருந்தது. கம்பெனி மாறியிருக்கும் என்று விட்டுவிட்டான். டாக்டரிடம் அவளோடு என்றைக்காவது போயிருந்தால்தானே தெரியும்? கூட்டிப்போவதெல்லாம் அவள் அண்ணன்தான்.

அவனுடைய போன் அடித்தது. அக்கா.

"ஏன்டா, குழந்தை இன்னிக்கு ஸ்கூலுக்கே வரலையாமே. இனிமேலும் வராதுன்னு டீச்சர் சொல்றாங்க. என்னடா விளையாடறியா?"

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். காலையில் பாப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனவள் இவள்தான்.

"பாப்பா எங்கடி?"

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். உள்ளே இருந்தது அத்தனையும் அவளுடைய துணி, பாப்பாவுடைய துணி. அதை அவன் இப்போதுதான் கவனித்தான். வாசலில் கார் ஹாரன் கேட்டது.

"எங்க அண்ணன் வீட்டுல இருக்கா. நானும் அங்கதான் போறேன், திரும்பி வரமாட்டேன். டாக்டர் மாத்திரையை மாத்தி ரெண்டு மாசமாச்சு."

அவன் வாயைத் திறந்தான். சொல்ல வந்த வார்த்தை தொண்டையோடு நின்றுவிட்டது.

அவள் கிட்டே வந்தாள். அவன் தடவியது போலவே அவன் தலையைத் தடவினாள்.

"நேத்து ராத்திரிதானே பேசினோம், மறந்துட்டீங்களா?"