துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று அந்த ராணுவ அருங்காட்சியகத்தில், பெயர்பெற்ற தளபதியின் இரண்டு கைத்துப்பாக்கிகளுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்க்கத்தான் செங்கமலம் பஸ் மாறி பஸ் மாறி வந்திருந்தாள்.

“சண்டையில திரும்பி ஓடுனவங்கள தளபதி எதால சுட்டாரு தம்பி?”

“இடது பக்கம் இருக்கறதும்மா,” என்றான் காவலாளி, பெருமையோடு. குங்குமத் தட்டை நீட்டியவன், அவளுடைய வெறும் நெற்றியைக் கண்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

“எங்க வீட்டுக்காரரு ஓடல தம்பி. அடிபட்டவனத் தூக்கிக்கிட்டுத்தான் திரும்புனாரு.”

அவன் அடுத்து நின்றவரிடம் போய்விட்டான். செங்கமலம் துப்பாக்கிகள் இருந்த கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தாள். அதில் தெரிந்த அவள் நெற்றிக்கு நடுவே, அந்த இடதுபக்கத் துப்பாக்கியின் குங்குமம் சரியாக வந்து உட்கார்ந்தது. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். அவள் தலையை அசைக்கவில்லை.