ஏறிக்கொண்டே போன சுகர்

"எத்தனை பான்கேக் தின்னே? மறைக்காம சொல்லு."

போனில், அமெரிக்காவின் வயோமிங் பக்கம் எங்கோ லாரி ஓடுகிற இரைச்சலோடு பதில் வந்தது.

"பான்கேக்கை நான் தொடவே இல்ல, ஆர்டி. பீன்ஸ் சூப்பும் ரெண்டு முட்டையும்தான்" என்றான் டெல்மர்.

"பீன்ஸ் சூப்பா? அரை மணி நேரத்துல உன் சுகர் நூத்திப்பத்துல இருந்து இருநூத்தி அறுபதுக்குப் போயிருக்கு. பீன்ஸ் மாடிப்படில ஏறும். மாவும் சிரப்பும்தான் லிஃப்ட்ல போகும். யார்கிட்ட கதை விடுறே?"

"சத்தியமா சொல்றேன்."

"சத்தியத்தையும் சேர்த்துத் தின்னுட்டே போல."

ஆர்டித் நெப்ராஸ்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள். டாக்டர் கொடுத்த சென்சாரை மேல்கையில் ஒட்டிக்கொள்ளச் சொல்லித்தான் கணவனை இந்த முறை லாரி ஏற்றி அனுப்பினாள். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுகர் அளவை அவன் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து அவள் போனுக்கும் வந்துவிடும்.

பத்து நாளாக அதைப் பார்த்துப் பார்த்தே அவள் பாதி டாக்டர் ஆகிவிட்டாள். முழு ஆப்பிள் தின்றால் போனில் வரும் கோடு லேசாக மேடு தட்டும். அதையே ஜூஸாகக் குடித்தால் நிமிர்ந்து எழும்பும். நிதானமாக வேகிற ஓட்ஸ் நிதானமாக ஏறும். வெந்நீர் பட்டதும் கரைகிற பாக்கெட் ஓட்ஸ் தாவும். அவன் வாயில் என்ன போனது என்பதை இங்கிருந்தே சொல்லிவிடுவாள்.

"வியாழக்கிழமை கம்பெனி டாக்டர் இதையெல்லாம் பார்ப்பாரு, ஞாபகம் இருக்கில்ல? இப்படியே இருந்தா உன் லைசென்ஸ் சீட்டுல கையெழுத்துப் போடமாட்டாரு. ஐம்பத்தெட்டு வயசுல ஸ்டியரிங்கை விட்டா உனக்கு வேற என்ன தெரியும்?"

"ஞாபகம் இருக்கு" என்றான் டெல்மர் சன்னமாக.

"கேலன் என்ன பண்றான்?"

"நல்லாச் சாப்பிட்டுட்டுப் பின்னாடி தூங்குறான்."

கேலன், டெல்மரோடு மாறி மாறி அதே லாரியை ஓட்டுகிறவன். ஓணான் மாதிரி உடம்பு.

"அவன் கல்லைத் தின்னாலும் செரிக்கும். அவனைப் பார்த்து நீயும் தட்டை நிரப்பாதே" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் வந்து இறங்கினார்கள். ஆர்டித் முதலில் பார்த்தது டெல்மரின் இடுப்பைத்தான். பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது. சுகர் ஏறி எடையும் இறங்கினால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதையும் காட்டிக்கொள்ளாமல் சாப்பாடு வைத்தாள்.

பீன்ஸும் கறியும் போட்ட சில்லி, கூடவே இனிப்பு ரொட்டிச் சுருளான சினமன் ரோல். இந்தப் பக்கத்தில் ஒன்றில்லாமல் இன்னொன்றை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் ரோல் தட்டைக் கேலன் பக்கமாகத் தள்ளி வைத்தாள். டெல்மருக்குச் சில்லி மட்டும். தானும் எதிரே உட்கார்ந்து, அவன் கிண்ணத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. கேலன் வழியில் பெய்த ஆலங்கட்டி மழையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டே மூன்று ரோலை முடித்தான்.

அவள் போன் அதிர்ந்தது. நூற்று எண்பத்தைந்து. கொஞ்ச நேரத்தில் இருநூற்று முப்பது. பிறகு இருநூற்று எழுபத்தொன்று.

ஆர்டித் எழுந்து, கணவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"என் கண்ணு முன்னாடி நீ ஒரு கிண்ணம் சில்லிதான் சாப்பிட்டே. ஒரு துளி இனிப்புத் தொடல. அப்படியும் இந்த ஏத்தம் ஏறுது. அப்போ பத்து நாளா நீ சொன்னதெல்லாம் நெசந்தானா?"

"நெசந்தான்."

"பொய்யன், தீனிப்பண்டாரம்னு எவ்வளவு திட்டினேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ ஒழுங்காத்தான் இருந்திருக்கே. உடம்புதான் கெட்டுப்போச்சு. வா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்." கார் சாவியை எடுத்தாள்.

டெல்மர் சாவியை வாங்கி மேசைமேல் வைத்தான். தலை நிமிரவில்லை.

"மொத ரெண்டு நாள் நானும் பான்கேக்கா வெளுத்துக்கட்டினேன், ஆர்டி. அப்புறம் போன்ல வந்த நம்பரைப் பார்த்து நடுங்கிப்போய்த்தான் பீன்ஸுக்கு மாறினேன். இப்போ என் உடம்பு எனக்கே லேசா இருக்கு. ஆனா நம்பர் மட்டும் இறங்கல. அது இறங்கவும் இறங்காது."

"ஏன் இறங்காது?"

"சொல்லணும்னுதான் தினமும் நெனச்சேன். உன்கிட்டயும் வாய் வரல, அவன்கிட்டயும் வாய் வரல."

"எவன்கிட்ட?"

அவன் வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட, நாலாவது ரோலோடு வந்து நின்றான் கேலன். டெல்மர் கேலனின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினான்.

மேல்கையில், காசு அளவுக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது சென்சார்.

"ஒல்லியா இருக்கானே, இவனுக்கெங்க சுகர் இருக்கப்போகுதுன்னு நெனச்சுத்தான் ஒட்டினேன்" என்றான் டெல்மர்.