நாலாவது லெவல்

"இன்னிக்காச்சும் எங்கள குகைய விட்டு வெளிய உடுவீங்களா, மாட்டீங்களா?"

விழுப்புரத்தில் கிளம்பிய காலை பாசஞ்சர் முண்டியம்பாக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் அம்சவள்ளி ஆரம்பித்துவிட்டாள். எதிர் சீட்டில் இருந்த விருத்தாசலம் டிபன் பாக்ஸ் மூடியை மடியில் வைத்து, அதற்குள் இருபது முகம் கொண்ட பகடையைப் போட்டான். ஓடுகிற வண்டியில் பகடை சீட்டுக்கு அடியில் உருண்டு போகாமல் இருக்க அந்த மூடிதான் வழி.

அவன் திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் கிளார்க். அவள் அதே ஊரில் டெலிபோன் ஆபரேட்டர். பக்கத்தில் இருந்த பூமாலை மயிலத்தில் வாத்தியார், ரிட்டயர் ஆகப் போகிறவர். மற்ற சீசன் டிக்கெட்காரர்கள் எல்லாம் சீட்டு ஆடிக்கொண்டு போவார்கள். இவர்களுக்கு மட்டும் தனி ஆட்டம். இரும்பை கிராமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பும்போது விருத்தாசலத்திடம் கொடுத்துவிட்டுப் போனது.

விருத்தாசலம் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துவான். கதைக்குள் அம்சவள்ளி வாள் வீசுகிறவள், பூமாலை மந்திரவாதி. பூதத்தை அடித்தால் பாயிண்ட், புதையல் எடுத்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் அடுத்த லெவல். உயிரும் கூடும், பலமும் கூடும். ஆனால் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தால்தான் அந்தப் பாயிண்ட் கணக்கில் ஏறும். குகைக்குள் இருக்கும்வரை எத்தனை பூதத்தைக் கொன்றாலும் பிரயோஜனம் இல்லை.

அங்கேதான் வந்தது வினை. மழைக்காலத்தில் குகைக்குள் போனவர்கள், பொங்கல் போய், மாசி மகமும் போய், இன்னும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். வாசல் தெரிகிறது என்பான் விருத்தாசலம். கிட்டப் போனால் பாறை விழுந்து அடைத்துக்கொள்ளும். பாறையை நகர்த்தினால் பின்னாலேயே இன்னொரு குகை. வெளியே வந்து ஊர் சேர்ந்தால் அம்சவள்ளி மூன்றாவது லெவலில் இருந்து நாலாவதுக்குப் போய்விடுவாள். அது அவனுக்கும் தெரியும்.

"திங்கக்கிழமையிலேருந்து எனக்குக் கடலூருங்க. இந்த வண்டியே கெடையாது. இன்னிக்கு விட்டா அவ்ளோதான்" என்றாள்.

மாற்றல் ஆர்டர் வந்ததற்குக்கூட இந்தப் பெண் இவ்வளவு பேஜாராகவில்லையே என்று பூமாலை கிண்டல் செய்தார். அப்படி என்னதான் இருக்கிறது அந்த நாலாவது லெவலில் என்றும் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

பேரணி ஸ்டேஷனுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றுவிட்டது. அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பகடையை வாங்கி மூடிக்குள் போட்டாள். இருபது விழுந்தது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. கடைசி பூதம் ஒரே வெட்டில் செத்து விழுந்தது.

"வெளிய வந்துட்டீங்க" என்றான் விருத்தாசலம். அவன் குரல் இறங்கியிருந்தது. "எதிர்லயே ஊர் தெரியுது. ஆனா நடுவுல ஒரு ஆறு. வெள்ளம் கரபொரண்டு ஓடுது."

பூமாலைக்கே கோபம் வந்துவிட்டது. "நம்ம பெண்ணையாத்துல ஒரு நாளாச்சும் இவ்ளோ தண்ணி வந்துக்குதா தம்பி?"

மயிலம் வந்தது. தான் செத்துப்போனதாகவே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணையாவது கரை ஏற்றும்படி கேட்டுக்கொண்டு அவர் இறங்கிப் போனார். இனி திண்டிவனம்தான்.

வண்டி வேகம் எடுத்தது. எப்போதும் ஆமையாக ஊர்கிற வண்டி இன்றைக்குப் பார்த்துப் பறக்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"நீந்திப் போறேன்" என்றாள்.

"இழுப்பு ஜாஸ்தி. அடிச்சிக்கினு போயிடும்."

"நான் ஊர் போய்ச் சேர்றதுல உங்களுக்கு இன்னாங்க கஷ்டம்?"

அவன் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். திண்டிவனத்துக்கு வண்டி வேகம் குறைந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"அன்னிக்கு மழைக்கு ஸ்டேஷன்ல ஒதுங்கினப்ப, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன். 'நாலாவது லெவல் ஏறினதும் பதில் சொல்றேன்'னீங்க. மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மனசில்லாமதான் தள்ளிப் போடுறீங்கன்னு தெரிஞ்சிபோச்சி. அத்தக் காதால கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சிங்க. அதான் உள்ளயே வச்சிக்கினு இருந்தேன்."

வண்டி நின்றது. அம்சவள்ளி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். மூடிக்குள் கிடந்த பகடையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அழுத்தி மூடினாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபமும் போகவில்லை.

"பாயிண்டு போடறவரே நீங்கதானேன்னுதாங்க அப்படிச் சொன்னேன். மறுநாளே ஏத்தி உட்டுடுவீங்கன்னு நெனச்சேன்."