கேட்காமல் ஒட்டியது

பத்து வருடப் பகைக்குப் பிறகு மாசானம் அன்றுதான் தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்தார். சட்டைப்பையில், போன மாதம் செத்துப்போன மனைவியின் செல்போன் இருந்தது.

“அக்கா கடைசிவரைக்கும் எங்க வாசல மிதிக்கலையே அத்தான். உங்க வாய்க்கு அம்புட்டு பயம்” என்று மூக்கைச் சிந்தினாள் தம்பி மனைவி செல்லக்கனி.

அப்போது போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தார். போகிற வீட்டிலெல்லாம் பாஸ்வேர்டு கேட்டு மல்லுக்கு நிற்கிற சனியன், இங்கே ஒன்றும் கேட்காமல் வைஃபையில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வந்து பழகின வீட்டில்தான் அப்படி ஒட்டும் என்று செல்போன் கடைக்காரன் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“புளுகாத” என்றார். “இங்க வர்றப்பல்லாம் அவ எதுல உக்காருவா?”

செல்லக்கனி அவர் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியையே பார்த்தாள்.