நெற்றிக் காசு

பிணத்தின் நெற்றியில் வைக்க ஒற்றை ரூபாய் போதும் என்றார்கள். வேதவல்லி கேட்கவில்லை. முப்பது வருடமாகப் பெண்டாட்டி முகத்தைவிட அதிகமாக கணவன் பார்த்துக்கொண்டிருந்த பழைய அமெரிக்க வெள்ளி டாலரையே சந்தனம் குழைத்து அவர் நெற்றியில் ஒட்டினாள். கொண்டுபோய்ச் சேரட்டும்.

மாலையோடு சௌந்தரபாண்டியன் வந்தார். கணவனின் சிநேகிதர்; அவரும் பழைய டாலர் காசுகள் சேர்ப்பவர்தான். மாலையைப் போட்டுவிட்டுத் தலைமாட்டில் குனிந்தார். கடைசி முத்தம் என்று நினைத்துப் பெண்கள் அழுகையைக் கூட்டினார்கள். அவரோ சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அவர் மூச்சு பட்டு, பிணத்தின் மூக்கிலிருந்த பஞ்சு ஆடியது.

"அண்ணி, இந்தப் பக்கத்து அச்சு சாதா, அபூர்வம் ரெண்டு ரகத்துலயும் ஒண்ணுதான்" என்றார் மெதுவாக. "பின்னாடி கழுகு கால்ல எத்தனை அம்புன்னு எண்ணுனாதான் அபூர்வமான்னு தெரியும். கடைசிவரைக்கும் அவன் அந்தப் பக்கத்தை என்கிட்ட காட்டவே இல்ல. பாத்துட்டு ஒட்டிடறேன்."

 "பாருங்க" என்றாள் வேதவல்லி.

நகத்தால் நெம்பி எடுத்தார். காசின் விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் வைக்காத மனிதர், எச்சில் தொட்டுச் சந்தனத்தைத் துடைத்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"சாதா ரகம். இதை வெச்சா இத்தனை வருஷம் ஆட்டம் காட்டுனான்?"

அதே எச்சிலோடு காசை நெற்றியில் அழுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். இதுவல்லவா சிநேகிதம் என்று பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

வேதவல்லி டாலரை முந்தானையால் பிடித்து எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"யாராவது ஒரு ரூவா குடுங்க."