ரயில் ஏறாத கதாநாயகன்

கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு சாய்ந்திருந்த எழுத்தாளருக்கு, அவருடைய பழைய காதல் நாவலின் கடைசிப் பக்கத்தை மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"...ரயில் நகர்ந்தது. அவன் ஏறவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்."

"நிறுத்து! நான் அவனை ரயில் ஏத்தி அனுப்பிட்டேனே! எல்லாம் அந்த டைப்பிஸ்ட் பண்ற வேலை. நான் பிரிச்சு வைக்கிற ஜோடியை எல்லாம் சேர்த்து வச்சு, என்கிட்ட காட்டாமலே அச்சுக்குக் கொடுத்துடுவா."

"நீங்க சும்மாவா விட்டீங்க?"

"நறுக்குனு நாலு வார்த்தை கேட்கணும்னுதான் அவ ஆபீசுக்குப் போனேன். ஆளைப் பார்த்ததும் வாயடைச்சுப் போச்சு."

"அவ்வளவு அழகோ?"

அவர் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

"இரு, இரு. இந்த ஒரு நாவலை மட்டும் வேற யாரோதானே டைப் அடிச்சாங்க? அச்சுலயும் அவன் ரயில் ஏறித்தானே போனான்?"

மனைவி புத்தகத்தை மூடினாள்.

"ஆமா, அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். அதுல இருந்து அந்தப் பொண்ணு பிளாட்பாரத்துலயே நிக்கிறா. பாவமா இல்லையா உங்களுக்கு?"